இன்னொரு கம்பெனியையும் கேட்டுப் பார்ப்போம்

வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கிறவர்கள் ஒரு சாதி. வீட்டுக்கு இன்சூரன்ஸ் விசாரிக்கிறவர்கள் இன்னொரு சாதி. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதல் சாதிக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை பிரீமியம் ஏறியிருப்பதைப் பார்ப்பார், கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் வாய்க்கு வந்தபடி வைவார், பணத்தைக் கட்டுவார், பிறகு மீன் பிடிக்கப் போய்விடுவார். இரண்டாம் சாதிக்காரரும் மீன் பிடிக்கப் போவார். ஆனால் தூண்டிலைத் தொடையில் இடுக்கிக்கொண்டு ஃபோனைக் காதில் வைத்திருப்பார். மீன் வந்து இரையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். அவருக்குத் தெரியாது. அவரைப் பற்றித்தான் இப்போது பேச்சு.

எங்கள் ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு காலத்தில் இந்த இனம் அபூர்வமாக இருந்தது. பிரீமியம் ஏற ஏற, மழைக்குப் புறப்படும் ஈசல் மாதிரி இவர்களும் கிளம்பிவிட்டார்கள். பழைய பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிக்கொண்டு போக, அந்த இடத்தில் ஏதாவது ஒரு பறவையின் பேரையோ மரத்தின் பேரையோ வைத்துக்கொண்டு புதுக் கம்பெனிகள் முளைக்க, ஒரு புயலுக்குப் பின் பிறந்தது அடுத்த புயலுக்கு முன் காணாமல் போக, இந்தக் கூத்துக்கு நடுவில் 'எவன் மலிவு?' என்று கேட்டுக்கொண்டு திரிவதே ஒரு முழுநேரத் தொழிலாகிவிட்டது. சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது.

இவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? ரொம்பச் சுலபம். யார் வீட்டுத் தோட்டத்திலாவது இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார்கள், ஐஸ் பெட்டியைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். இவர் வந்து உங்கள் கையைக் குலுக்குவார். பிள்ளைகள் சௌக்கியமா, முட்டிவலி தேவலையா என்றெல்லாம் கேட்கமாட்டார். "உங்க கூரைக்கு என்ன வயசு?" என்பார். எங்கள் கரையில் பெண்களிடம் வயசு கேட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். கூரையின் வயசு என்பது கணவன் மனைவிக்குள் இருக்கவேண்டிய விஷயம். பதினைந்தைத் தாண்டிய கூரை வீட்டில் இருந்தால், வரன் அமையாத பெண்ணை வைத்திருக்கும் தகப்பனைப் போல மனுஷன் நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூசுகிறான். எந்தக் கம்பெனியும் பெண் பார்க்கக்கூட வராது. ஆனால் நம்மவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கேட்டுவிட்டு, அண்ணாந்து உங்கள் கூரையையும் ஒரு பார்வை பார்த்து, உதட்டைப் பிதுக்குவார். அப்புறம் உங்களுக்குச் சாப்பாடு இறங்குமா?

அந்த இனத்தின் உத்தமமான ஒரு பிரதிநிதியை எனக்குத் தெரியும். பெயர் வெர்னான் டன்லப். படகு இஞ்சின் விற்கிற கடையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேரம் பேசியே பழகிவிட்ட நாக்கு, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் இன்சூரன்ஸ் பக்கம் திரும்பியது. அவர் மனைவி மார்லீன், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய பெண்மணி. பின்னால் எத்தனை பிள்ளைகள் கத்தினாலும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காதவள். இந்தக் கல்யாணத்துக்கு அது ரொம்பத் தேவையான குணம்.

வெர்னானின் நாள் காலைக் காபியோடு தொடங்கும், காத்திருப்புச் சங்கீதத்தோடு வளரும். ஒவ்வொரு கம்பெனியும் ஃபோனில் காக்கவைக்கும்போது ஒரு பாட்டுப் போடுமல்லவா? பெலிகன் மியூச்சுவல் பியானோ. சைப்ரஸ் அஷ்யூரன்ஸ் சாக்ஸஃபோன். குளியலறையில் கணவர் முணுமுணுக்கிற ராகத்தை வைத்தே, இன்றைக்கு எந்தக் கம்பெனியின் முறை என்று மார்லீன் சொல்லிவிடுவாள். எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் வந்ததும் வெர்னானின் முகத்தில் ஒரு பிரகாசம் வரும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அது வந்ததில்லை என்று மார்லீனே சொல்வாள். கூரை, குழாய், மின்கம்பி, ஜன்னல் கதவு எல்லாவற்றின் ஜாதகத்தையும் ஒப்பிப்பார். தண்ணீர் மழையாக மேலேயிருந்து வந்தால் இந்தக் கம்பெனி, வெள்ளமாகக் கீழேயிருந்து ஏறி வந்தால் வேறு கம்பெனி என்கிற சூட்சுமத்தை எதிர்முனைக்கே விளக்குவார். கடைசியில் அவர்கள் ஒரு தொகை சொல்வார்கள். நல்ல தொகையாகவே இருக்கும். வெர்னான் அதைக் கேட்டு, தலையை ஆட்டி, நன்றி சொல்லி, ஃபோனை வைத்துவிட்டு மார்லீனைப் பார்த்துச் சொல்வார்: "பரவால்ல. ஆனா இன்னொரு கம்பெனியையும் கேட்டுப் பாப்போம்."

இதுதான் இந்த இனத்தின் தாரக மந்திரம். எங்கே கேட்டாலும் உஷாராகிவிடுங்கள்.

கம்பெனிகள் சும்மா தொகை சொல்லிவிடுவதில்லை. ஆளை அனுப்பி வீட்டைச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை நாள் இருக்கிறதே, அது வெர்னான் வீட்டில் ஒரு பண்டிகை. அவரிடம் கர்னல் என்று ஒரு நாய் உண்டு. கன்றுக்குட்டி அளவு. பார்வைக்குத்தான் பயங்கரம், மற்றபடி இடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் பெரிய நாய் இருக்கிற வீடு என்றால் பிரீமியம் ஏறும். ஆகவே சோதனை நாளன்று கர்னல் பக்கத்து வீட்டு ராமிரோவின் நாயாக மாறிவிடும். ராமிரோ வீட்டில் பேரப் பிள்ளைகள் ஏறிக் குதிக்க ஒரு பெரிய டிராம்பொலின் துள்ளுமேடை வாங்கிப் போட்டிருந்தார். அது இருந்தாலும் பிரீமியம் ஏறும். ஆகவே ராமிரோ வீட்டுச் சோதனை நாளன்று துள்ளுமேடை வேலி தாண்டி வெர்னானுடையதாகிவிடும். இப்படி நாயும் மேடையும் பரஸ்பரம் மாறிக்கொண்டு வாழ்க்கை நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சோதனை ஆட்கள் வந்துவிட்டார்கள்.

"வெர்னான், சீக்கிரம் நாயைப் பிடிப்பா! என் வீட்டு வாசல்ல ஆள் நிக்கிறான்!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராமிரோ கத்தினார்.

"நீ மொதல்ல ஒன் மேடையப் பிடி! என் வாசல்ல கிளிப்போர்டோட ஏறிட்டான்!"

"நடுவுல வச்சிரலாமா?"

"நடுவுல வேலி இருக்குப்பா!"

கடைசியில் மார்லீன்தான் கர்னலை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். துள்ளுமேடையை வெர்னானும் ராமிரோவும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சோதனை ஆள் இந்த மூலைக்கு வரும்போது அந்த மூலைக்கும், அந்த மூலைக்கு வரும்போது இந்த மூலைக்குமாக வீட்டைப் பிரதட்சணம் வந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அந்தக் கம்பெனி சொன்ன தொகைக்கு வெர்னான் ஒப்புக்கொண்டாரா? நல்ல கேள்வி கேட்டீர்கள் போங்கள்.

இதுவரை எல்லாம் விளையாட்டு. விசாரிப்பாரே தவிர, பழைய பாலிசியைக் கடைசி நாளில் முணுமுணுத்துக்கொண்டே புதுப்பித்துவிடுவார். ஏனென்றால் வீட்டுக் கடன் பாக்கி இருந்தது, பாலிசி இல்லாவிட்டால் வங்கிக்காரன் சும்மா விடமாட்டான். கடிவாளம் அவன் கையில் இருந்தது. போன குளிர்காலத்தில் கடன் அடைந்தது. மார்லீன் எலுமிச்சைப் பை பலகாரம் சுட்டாள். தெருவையே கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். "இனி இந்த வீட்டுல ஒவ்வொரு ஓடும் நம்மளுது" என்று மார்லீன் கண் கலங்கினாள். வெர்னானும் கலங்கினார். ஆனால் அவர் மனசில் ஓடியது வேறு: இனி கேட்க ஆளில்லை!

அந்த வருஷம் பிரீமியம் ஏறிய ஏற்றம், சாதாரண ஏற்றம் இல்லை. புதுப்பிக்கும் கெடு ஆகஸ்டு கடைசி. மார்லீன் அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "கட்டித் தொலைச்சிடு வெர்னான். புயல் சீசன். எனக்கு நிம்மதியாத் தூங்கணும்" என்றாள்.

"கட்டிடலாம், கட்டிடலாம். எனக்கு ஒரு யோசனை இருக்கு" என்றார் வெர்னான்.

படகுக் கடையில் அவர் பார்த்துப் பழகிய வித்தை அது. வாடிக்கையாளர் 'வேணாம், நான் கெளம்புறேன்' என்று வாசல்வரை போவார். கடைக்காரர் பின்னாலேயே ஓடிவருவார். விலை இறங்கும். ஆயிரம் தடவை வெர்னான் அப்படிப் பின்னால் ஓடியிருக்கிறார். இப்போது தாமே வாசல்வரை நடந்து பார்ப்பது என்று தீர்மானித்தார். மார்லீன் கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பழைய கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"இத்தன வருஷமா உங்ககூட இருக்கேம்மா. ஒரு க்ளெய்ம் கேட்டதில்ல. அதுக்கு நீங்க காட்டுற மரியாத இதுதான்னா, மன்னிச்சுக்குங்க, நான் பாலிசிய முடிச்சுக்கிறேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். இந்த இடத்தில் எதிர்முனை பதறவேண்டும். 'ஐயோ சார், ஒரு நிமிஷம், மேனேஜர்கிட்ட பேசிட்டு வர்றேன்' என்று கெஞ்சவேண்டும்.

"சரி சார்" என்றது எதிர்முனை.

"என்ன சரி?"

"முடிச்சாச்சு சார். இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமையோட முடியுது. இத்தன நாள் எங்ககூட இருந்ததுக்கு ரொம்ப நன்றி."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை வெர்னான் கவனித்தார். பழைய கூரை உள்ள கடலோர வீட்டுக்காரன் தானாகவே எழுந்து போகிறான் என்றால் எந்தக் கம்பெனிதான் சந்தோஷப்படாது? கடையே 'போய்த் தொலைஞ்சா சரி' என்று காத்திருக்கும்போது வாடிக்கையாளர் வாசலைக் காட்டி மிரட்டினால் எப்படி? வெர்னான் சுதாரித்துக்கொண்டு, "இல்லம்மா, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றார். "பழைய பாலிசிங்கிறதாலதான் சார் ஒங்க கூரைய வச்சிருந்தோம். புதுசாச் சேர்றதுன்னா அந்த வயசு ஒத்துவராது" என்று பதில் வந்தது. நல்ல நாளாக அமையட்டும் என்று ஒரு வாழ்த்தும் வந்தது.

இதை மார்லீனிடம் சொன்னாரா? சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு இருந்தார். சொல்லுவானேன், கெடு வருவதற்குள் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டால் போயிற்று, அதுவும் மலிவாகச் சேர்ந்துவிட்டால் நம் சாமர்த்தியத்தையே அவள் மெச்சுவாளே என்று கணக்குப் போட்டார்.

ஊரில் ஷாண்ட்ரா என்று ஒரு ஏஜெண்ட் இருக்கிறாள். கெட்டிக்காரி. அலைந்து திரிந்து, வெர்னானின் கூரையையும் ஏற்கும் ஒரு கம்பெனியைப் பிடித்துவிட்டாள். பழைய கம்பெனி கேட்டதைவிடக் குறைவுதான். கெடுவுக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை காலையில் அவளே கூப்பிட்டாள்.

"மிஸ்டர் டன்லப், எல்லாம் ரெடி. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. இன்னிக்கே."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா கோல்டன் ஐபிஸ் கம்பெனிக்காரங்க திங்கக்கிழமை கூப்பிடுறேன்னு சொல்லியிருக்காங்க. இன்னும் கொறையும் போலத் தெரியுது. அதையும் கேட்டுட்டு..."

"சார், கரீபியன் கடல்ல ஒரு புயல்சின்னம் சுத்துது, பாத்தீங்கல்ல? அதுக்குப் பேர் வச்சு, இந்தப் பக்கம் திரும்புச்சுன்னா, ஒருத்தனும் புது பாலிசி எழுதமாட்டான். ஒங்களுக்குத் தெரியாததா?"

"இன்னும் பேரு வைக்கலையேம்மா!" என்று வெர்னான் சிரித்தார். "வெறும் மேகம். பொறக்காத பிள்ளைக்கு ஏன் இப்பவே பயப்படணும்?"

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டவளைப் பற்றித் தமிழில் ஒரு பழமொழி உண்டு. வெர்னான் புருஷனையும் கைவிட்டார், வாசலில் வந்து நின்ற அரசனையும் திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை பிறந்தது. பேரும் வைத்தார்கள். மில்ட்ரெட். கேட்டால், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிஸ்கட் கொடுக்கிற அத்தை மாதிரி இருக்கிறது. தொலைக்காட்சியில் அவள் நேராக எங்கள் கரையைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள். வெர்னான் ஷாண்ட்ராவுக்கு ஃபோன் போட்டார். "சிஸ்டம் பூட்டிட்டாங்க சார். எனக்கே மனசு கஷ்டமா இருக்கு" என்றாள் அவள், நிஜமாகவே வருத்தப்பட்டு. வெர்னான் விடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் காரேஜில் கதவைச் சாத்திக்கொண்டு, பெலிகனைக் கூப்பிட்டார், சைப்ரஸைக் கூப்பிட்டார், கோல்டன் ஐபிஸைக் கூப்பிட்டார். இத்தனை வருஷமாகக் காதலித்த அத்தனை ராகங்களும் நின்றுவிட்டிருந்தன. எல்லா ஃபோனிலும் ஒரே பதிவு செய்த குரல்: பெயரிடப்பட்ட புயல் இருப்பதால் புதிய பாலிசிகள் இல்லை. எந்த விலைக்கு வேண்டுமானாலும் சேருகிறேன் என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்ல அந்த மனுஷர் தயாராக இருந்தார். கேட்க ஆளில்லை. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

செவ்வாய்க்கிழமை கரையோரத்தை விட்டு எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல்களுக்கு ராமிரோவும் வெர்னானும் சேர்ந்து பலகை அடித்தார்கள். வெர்னான் ஒவ்வொரு ஆணியையும் ஏதோ ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரனுக்கு மருந்து கொடுப்பதுபோல் பதமாக அடித்தார். "என்னப்பா, இவ்வளவு பயப்படுற? நீதான் இந்தக் கரையிலேயே இன்சூரன்ஸ் புலியாச்சே!" என்று ராமிரோ முதுகில் தட்டினார். புலி அடுத்த ஆணியை எடுத்தது.

மார்லீன்தான் வண்டியை ஓட்டினாள். பின் சீட்டில் கர்னல், புகைப்படப் பெட்டிகள், மார்லீனின் அம்மா வைத்திருந்த பீங்கான் தட்டுகள். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஓகாலாவில் மார்லீனின் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். நெடுஞ்சாலை முழுக்க ஊர்ந்துகொண்டிருந்த வண்டிகள். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குடும்பமும் மூட்டை முடிச்சும்.

"மருந்தெல்லாம் எடுத்தியா?" என்றாள் மார்லீன்.

"எடுத்தேன்."

"வீட்டுப் பத்திரம்?"

"எடுத்தேன்."

"பாலிசி பேப்பர்?"

வெர்னான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பக்கத்து வண்டியில் ஒரு பெண் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். உலகத்தில் அவளைவிட நிம்மதியான பிறவி இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"மார்லீன்... பேப்பர் இல்ல."

"வீட்டுல மறந்துட்டியா? பரவால்ல விடு, கம்பெனில கேட்டா அனுப்புவாங்க."

"கம்பெனியே இல்ல."

மார்லீனின் கைகள் ஸ்டியரிங் மேலேயே இருந்தன. கண் சாலையை விட்டு அசையவில்லை. வெர்னான் சொல்லச் சொல்ல, வாசல்வரை நடந்து போன கதை, யாரும் பின்னால் ஓடிவராத கதை, ஷாண்ட்ரா வெள்ளிக்கிழமை கூப்பிட்ட கதை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே, ஊர்கிற வண்டிகளுக்குப் பின்னால் அவளும் ஊர்ந்தாள்.

"யாருக்காகக் கொறைக்கப் பாத்த?" என்றாள்.

"நமக்காகத்தான். மிச்சம் பிடிச்சா ஒன்ன அலாஸ்கா கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு..."

"நான் எப்பக் கப்பல் கேட்டேன்? தூக்கம்தானே கேட்டேன்."

"மார்லீன்..."

"கப்பலுக்கு எதுக்கு அலாஸ்கா? நம்ம வீடே மெதக்கப் போகுது. போய் ஏறிக்க."

வெர்னானுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நல்லவேளையாகச் சிரிக்கவில்லை. ஏனென்றால் அடுத்ததாக அவள் குரல் உடைந்தது.

"எத்தன காலைல அந்தப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு அந்தப் பஸ்ஸ ஓட்டினேன், வெர்னான். இருட்டுல எந்திரிச்சு. இடுப்பு போச்சு. ஒவ்வொரு மாசமும் அந்தக் கடனுக்குத்தான் கட்டினேன். நீ ஊரெல்லாம் விசாரிச்ச. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்ன விசாரிச்சியா?"

பேரம் பேசியே பிழைத்த அந்த மனிதர் அழுதார். நாம் கேலி செய்துகொண்டிருக்கிறோம், உண்மைதான். ஆனால் அந்த வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்கும் கேலி வந்திருக்காது.

ஓகாலாவில் இரண்டு நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். புயல் போகக்கூடிய வழியைக் காட்டி, கரையை நோக்கி விரிகிற கூம்புப் படத்தின் நட்டநடுவில் அவர்கள் ஊர் இருந்தது. தங்கை சாப்பாடு வைத்தாள். மார்லீன் எல்லோரிடமும் பேசினாள், வெர்னானிடம் மட்டும் நாய் மூலமாகப் பேசினாள். "கர்னல், ஐயாவைச் சாப்பிடச் சொல்லு." வெர்னான் பிரார்த்தனை செய்தார். இதுவரை விசாரிக்காத ஒரே கம்பெனி அதுதான் என்பதால் சற்றுக் கூச்சமாகவே செய்தார்.

வியாழக்கிழமை காலையில் மில்ட்ரெட் தெற்கே ஒதுங்கிக் கரையேறினாள் என்று செய்தி வந்தது. வெர்னான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "தப்பிச்சோம்!" என்றார். அப்போது திரையில் வேறு ஒரு ஊரைக் காட்டினார்கள். கூரை போன வீடுகள். ஒரு வயசான மனுஷர் தன் வீட்டு வாசல்படியில், வீடு இல்லாத வாசல்படியில், உட்கார்ந்திருந்தார். நம்மைவிட்டுப் போன புயல் இன்னொருவர் தலையில்தான் விழவேண்டும் என்பது கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. வெர்னான் மறுபடி உட்கார்ந்தார். மார்லீன் அந்த மனுஷரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு திரும்பினார்கள். பின்கட்டில் கொசுவலைக் கூண்டு நசுங்கிக் கிடந்தது. வேலியில் பாதியைக் காணோம். கூரை இருந்தது. ஒவ்வொரு ஓடும் இருந்தது. மார்லீன் சுவரில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளேகூடப் போகாமல் வண்டியில் ஏறி, "ஏறு" என்றாள். வெர்னான் ஏறினார்.

கம்பெனிகள் கதவைத் திறந்த முதல் காலை அது. ஷாண்ட்ராவின் அலுவலகத்தில் ஊரே நின்றுகொண்டிருந்தது. முறை வந்ததும் மார்லீன் உட்கார்ந்தாள். வெர்னானுக்கு நாற்காலி இருந்தும் நிற்கச் சொன்னாள். ஷாண்ட்ரா ஒரு தாளை நகர்த்தினாள். வெர்னானின் கழுத்து தானாக நீண்டது.

"ரேட்டு கொஞ்சம் மாறியிருக்குமே. எவ்வளவும்மா சொல்றாங்க?"

மார்லீன் தொகை இருந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"எங்க போடணும்?" என்று ஷாண்ட்ராவைக் கேட்டாள்.

"இங்க, அப்புறம் இங்க."

போட்டாள். தன் கணக்கிலிருந்து கட்டினாள். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அன்றிரவிலிருந்து அவள் குறட்டை விட்டுத் தூங்குகிறாள். வெர்னான்தான் தூங்குவதில்லை. தன் வீட்டுக்கு என்ன பிரீமியம் என்று தெரியாத ஒரே மனிதராக அந்தத் தெருவில் வாழ்கிறார். காலைச் சிற்றுண்டியின்போது, "ஒரு சுமாரா, சுமாராச் சொல்லேன்" என்று கேட்டுப் பார்த்தார். "முட்ட ஆறுது" என்றாள். ஷாண்ட்ராவைத் தனியாகப் பிடித்துக் கேட்டார். "பாலிசி மேடம் பேர்ல இருக்கு சார், வெளில சொல்லக்கூடாது" என்று அவள் சிரித்தாள்.

இறைச்சி சுடுகிற தோட்டங்களில் அவரை இன்றைக்கும் பார்க்கலாம். பாலிசியே இல்லாமல் ஒரு புயலைத் தாண்டியதை வீரப்பிரதாபமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். யாராவது, "அது சரி, இப்ப எவ்வளவு கட்டுற?" என்று கேட்டால் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ ரொம்ப நேரம் தேடுவார்.

போகட்டும். நீங்கள் இந்த ஆள் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் நிதானமானவர், ஒரு விலை கேட்பீர்கள், ஒத்து வந்தால் வாங்குவீர்கள், வீட்டில் உள்ளவர்களையும் ஒரு வார்த்தை கேட்பீர்கள். அந்த மனுஷர் அழுதபோது பரிதாபப்பட்டீர்கள், வீடு தப்பித்தபோது சந்தோஷப்பட்டீர்கள், எல்லாம் சரிதான். ஆனால் மார்லீன் அந்தத் தாளின் மேல் கையை வைத்தாளே, அப்போது உங்கள் கழுத்து எந்தப் பக்கம் நீண்டது? அந்தத் தொகை எனக்குத் தெரியும். மார்லீனே சொன்னாள். இங்கே ஒரு வரியில் எழுதிவிடலாம்தான். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று இந்த நிமிஷம் உங்களுக்கு ஒரு சின்ன அரிப்பு இருக்குமானால், தயவுசெய்து இதைக் கீழே வைத்துவிட்டு உங்கள் வீட்டு அம்மாளிடமோ ஐயாவிடமோ போய், பாலிசியை யார் பேரில் எடுப்பது நல்லது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே செய்யுங்கள்.